கயிறு பிடித்தவர் கடமை

(தூத்துக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பெற்றது.)



சிறந்த தலைவருக்குரிய குணங்கள் யாவை, அவற்றை வளர்த்துக்கொள்ளும் வழி யாது என்னும் பொருளைப் பற்றிப் பேசவேண்டும் என்று அறக்கட்டளையார் எனக்குப் பணித்தபோது, உள்ளத்தில் முதலில் எழுந்தது தயக்கமே. தைரியம், தூரதிருஷ்டி, வாக்குவன்மை, விடாமுயற்சி என்று குணங்களை அடுக்கிச் சொன்னால் சபையில் எவரும் மறுக்கமாட்டார்கள். எனினும் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்த மாணவர் ஒருவர், நாளை ஒரு சங்கத்தின் காரியதரிசியாகவோ ஒரு தொழிற்கூடத்தின் மேற்பார்வையாளராகவோ அமர்ந்தால், காலையில் எழுந்து முதலில் எதைச் செய்வது என்று அதிலிருந்து அறிந்துகொள்ள இயலாது. ஆகையால், பட்டியலை விடுத்து, நாம் கூடியிருக்கும் இந்தக் கடற்கரையையே நூலாக வைத்துப் படிக்கலாம் என்று துணிந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தலைவர் என்றால் முன்னே நடப்பவர் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். இந்தக் கரையின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, பிறர் தம் உயிரையோ பொருளையோ நம்பி ஒப்படைத்த கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவரே தலைவர் என்ற எண்ணம் எனக்கு வலுத்து வந்திருக்கிறது. கயிற்றின் மறுமுனையில் இருப்பவரைப் பற்றிய இடையறாத நினைவிலிருந்தே மற்றக் குணங்கள் யாவும் பிறக்கின்றன; அந்த நினைவு தவறினால் மற்றக் குணங்கள் இருந்தும் பயனில்லை.

1

இந்த உவமையை நான் கற்பனையில் தேடி எடுக்கவில்லை. அரசினர் நடத்திய கடைசி முத்துச் சலாபங்கள், அதாவது முத்துக்குளிப்புகள், இக்கடலில் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்தன. அவற்றில் குளித்த ஒரு முதியவரிடம் பல ஆண்டுகளுக்கு முன் உட்கார்ந்து கேட்டதே இன்றைய பேச்சுக்கு வித்து. குளிப்பவர் ஒரு கல்லின் மேல் கால் ஊன்றி நிற்பார். கல்லோடு ஒரு கயிறும், சிப்பி சேர்க்கும் கூடையோடு மற்றொரு கயிறும் தோணிக்குச் செல்லும். மூச்சை அடக்கி அவர் இறங்கியதும், கல் தரையைத் தொட்ட கணமே மேலிருப்பவர் அதை இழுத்துக்கொள்ள வேண்டும். பின்பு ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழமுள்ள பாரில், அதாவது சிப்பித் திட்டில், ஏறக்குறைய ஒரு நிமிஷ நேரம், கைக்கு அகப்பட்ட சிப்பிகளையெல்லாம் வாரிக் கூடையில் இட்டுவிட்டு, குளிப்பவர் கயிற்றை ஒருமுறை சுண்டுவார். அந்தச் சுண்டலை மேலிருக்கும் கை உணரவேண்டும். உணரத் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

மேலே கயிறு பிடிப்பவன் குளிப்பவனுடைய மைத்துனனாக இருப்பதே நல்லது என்றொரு பேச்சு இக்கரையில் உண்டு. தன் உடன்பிறந்தாள் தாலியை எவனும் அலட்சியம் செய்யமாட்டான் என்பது அதன் தாத்பரியம். நான் கண்ட முதியவரோ உறவைக் காட்டிலும் கவனத்தையே பெரிதாகச் சொன்னார். “கயித்தப் புடிச்சிட்டா, பக்கத்துத் தோணியில என்ன கெடச்சிருக்குன்னு எட்டிப் பாக்கப்படாது, தம்பி” என்றார். தலைமையைப் பற்றி நான் படித்த நூல்கள் பலவற்றில் கிடைக்காத தெளிவு அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குக் கிடைத்தது. அடுத்த நிறுவனத்தின் வெற்றியையும், அடுத்த கட்சியின் கூட்டத்தையும், அடுத்த கல்லூரியின் கட்டடத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்து, தம் கயிற்றின் சுண்டலை உணராமற் போனவர்கள் எத்தனை பேர் என்பதை, நெடுநாள் சங்கங்களிலும் சபைகளிலும் பழகிய நீங்களே அறிவீர்கள்.

கயிற்றின் மறுமுனையை மறந்த தலைமையும் இதே கடலில் இருந்திருக்கிறது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடல்வழி நூல், பாண்டியரின் கொற்கை முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. குளிப்பவன் மீண்டு வருவதும் வராததும் மேலிருப்பவருக்கு ஒன்றாய் இருந்த அந்த முறையை, பங்கு கொடுத்து நடத்தப்பெற்ற பிற்காலச் சலாபத்தோடு வைத்துப் பாருங்கள். ஆங்கில அரசினர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர் தரப்புக்கே உரியதாயிற்று. அந்தப் பங்கு போதுமா என்பது வேறு கேள்வி. பங்கு என்ற ஒன்று வந்தபின்பே குளிப்பவர் கூட்டாளி ஆகிறார் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

சலாபத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஓதும் ‘கடல்கட்டி’ கரையில் இருந்தாலன்றிக் குளிப்பவர் நீரில் இறங்கமாட்டார். இவ்வாறு ஓதுவோருக்குச் சிப்பியில் இருபதில் ஒரு பங்கு போயிற்று என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவே எழுதிவைத்திருக்கிறார். மந்திரத்தில் நம்பிக்கை அற்ற ஆங்கில அதிகாரிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை கடல்கட்டிக்கு ஊதியம் கொடுத்து வந்தனர். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. சுறா மெய்யாகவே உள்ள கடலில் இறங்குபவருக்கு அச்சம் இருக்கக்கூடாது என்று கட்டளையிடும் தலைவரை விட, அந்த அச்சம் உண்மையானது என்று ஒப்புக்கொண்டு அதற்கு ஏதேனும் ஒரு மாற்றுத் தேடியவர் மனித இயல்பை அறிந்தவர் என்பது என் அபிப்பிராயம்.

2

இனி, இந்நகரின் பெயரோடு பிரிக்கமுடியாதபடி பிணைந்துவிட்ட பெருமகனிடம் வருகிறேன். ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்களைத் தியாகி என்று வணங்குகிறோம், வணங்குவது தகும். ஆயினும் வணக்கத்தின் மிகுதியால், அவர் ஒரு காரியத்தை எப்படி அமைத்தார் என்று படிக்கும் பழக்கம் நம்மிடம் குறைந்துவிட்டது. தியாகத்தை எல்லாராலும் பின்பற்ற இயலாமற் போகலாம். அவருடைய காரியமுறையை இங்கே அமர்ந்துள்ள ஒவ்வொரு மாணவரும் பின்பற்ற முடியும்.

1906-ஆம் ஆண்டின் நிலையை மனத்தில் கொள்ளுங்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே வியாபாரிகளும் தோட்டத் தொழிலாளரும் ஓயாமல் போய்வந்த கடல்வழி, பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. கரையோரம் ஆழமின்மையால் அந்நாளில் பெரிய கப்பல்கள் கரையை அணுகமாட்டா. சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். சரக்கும் மனிதரும் தோணியிலும் படகிலும் சென்று ஏறவேண்டும். பெரிய கப்பல் கரையணையும் துறைமுக வசதி இல்லாத ஊரில், பணபலமும் அரசின் ஆதரவும் உடைய ஒரு கம்பெனிக்கு எதிராக, கோர்ட்டில் வழக்கு நடத்திக்கொண்டிருந்த ஒரு வக்கீல் கப்பல் விடப் புறப்பட்டார்.

முதலில் கப்பல்களை வாடகைக்கு அமர்த்திப் பார்த்தார். போட்டிக் கம்பெனியாரின் நிர்ப்பந்தத்தால் வாடகைக் கப்பல் கைவிட்டுப் போகவே, சொந்தக் கப்பல் இன்றி இக்காரியம் நிலைக்காது என்று தெளிந்தார். இக்காரியத்துக்கு அடிப்படையாக அவர் செய்தது மேடையேறுவதற்கு முன் நடைபெறவேண்டிய வேலை. அவ்வாண்டு அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி சட்டப்படி பதிவாயிற்று, மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்குகள் 40,000, பங்கு ஒன்றுக்கு விலை 25 ரூபாய். இந்தக் கடைசி எண்ணில்தான் அவருடைய அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று கருதுகிறேன். ஆயிரம் ரூபாய்ப் பங்குகளாக வைத்திருந்தால் பத்துப் பன்னிரண்டு செல்வந்தர்களின் கம்பெனியாக அது முடிந்திருக்கும். இருபத்தைந்து ரூபாய் என்று வைத்தமையால், கடைக்காரரும் உத்தியோகஸ்தரும் சிறு மிராசுதாரும் அதைத் தம் கம்பெனி என்று சொல்லிக்கொள்ள வழி பிறந்தது.

அடுத்து, ஆசனங்களை அவர் பகிர்ந்த விதம். மதுரையில் 1901-ல் தமிழ்ச் சங்கம் கண்ட பாலவநத்தம் ஜமீந்தார் பாண்டித்துரைத் தேவரைக் கம்பெனியின் தலைவராக அமர்த்தினார். 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாயை, ஒருவராகவே ஏற்ற ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் செயலாளர் ஆனார். கம்பெனியைக் கருவிலிருந்து உருவாக்கிய வ.உ.சி. தமக்கென்று எடுத்துக்கொண்ட பதவி உதவிச் செயலாளர் பதவி! அவையோரே, இதைப் பணிவு என்று மட்டும் சொல்லிக் கடந்துவிடக்கூடாது. ஜமீன் குடும்பத்தின் மதிப்பும், முஸ்லிம் வணிகரின் பொருளும் கடல்வியாபார அனுபவமும், நாடெங்கிலுமுள்ள சிறு பங்குதாரரின் நம்பிக்கையும் ஒரே கயிறாக முறுக்கப்பட வேண்டுமானால், முறுக்குபவர் தம் பெயரை முன்னே நீட்டாமல் இருக்கவேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். பெயரை விட்டுக்கொடுத்தார், வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. கப்பல் வாங்கப் பம்பாய்க்குச் சென்றபோது வீட்டிலே மூத்த மகன் நோயுற்றிருந்தான், மனைவி கருவுற்றிருந்தார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலிலே மாய்வேன் என்று சூளுரைத்துப் போனவர், சொன்னபடி முடித்தார். 1907 மே மாதத்தில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களும் தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றன.

பின்பு நிகழ்ந்த கட்டணப் போரை நீங்கள் அறிவீர்கள். வெள்ளையர் கம்பெனி ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. அவர்கள் இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகவும் குடை ஒன்று கொடுப்பதாகவும் அறிவித்தார்கள். அப்படியிருந்தும் சுதேசிக் கப்பலில் ஏறிய ஏழைப் பிரயாணியை எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு உருகும். தலைவர் ஒருவர்மீது மக்கள் வைக்கும் நம்பிக்கைக்கு, தம் மடியிலிருந்து எட்டணாவை எடுத்துக் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத பிரயாணியைவிடச் சிறந்த சான்று இல்லை.

3

பங்குதாரரை அறிந்தவர், பங்கு வாங்க ஒரு காசும் இல்லாதவரை அறிந்தாரா என்ற வினாவுக்கு 1908-ஆம் ஆண்டு விடை கூறுகிறது. இந்நகரின் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் அற்பக் கூலிக்கு நெடுநேரம் உழைத்து, வார விடுமுறையும் இன்றி வாடினர். வ.உ.சி.யும் அவருடைய தோழர் சுப்பிரமணிய சிவாவும் பிப்ரவரி மாதத்தில் அவர்களிடையே பேசினர். 27-ஆம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. கோரிக்கைகள் மூன்றே: கூலி உயர்வு, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு, தேவைக்கு விடுப்பு. சுயராஜ்யம் பற்றி இடிமுழக்கமாய்ப் பேசிய நாவு, ஆலைத் தொழிலாளி முன் நின்றபோது அவனுடைய ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசியது. பெரிய இலட்சியம் உடையவர் பலர் இந்த இடத்தில் தவறிவிடுகிறார்கள். எளியவனுடைய சின்னத் தேவையைத் தம் பெரிய நோக்கத்துக்கு வாகனமாக மட்டும் எண்ணுகிறார்கள். இவர் அந்தச் சின்னத் தேவையைப் பெற்றுக்கொடுப்பதையே காரியமாகக் கொண்டார்.

ஊரும் உடன் நின்றது. வேலையிழந்தவர்க்கு நகரமக்கள் பொருள் சேர்த்துக் கொடுத்தனர். ஆலைத் தரப்புக்குப் பரிந்து பேசியவர்க்கு நாவிதரும் பணிசெய்ய மறுத்தனர். மார்ச் முதல் வாரத்தில் ஆலையார் இணங்கினர். தென்னாட்டில் முறையான தொழிற்சங்கம் தோன்றுவதற்குப் பத்தாண்டுகள் முன்னதாக நடந்த செய்தி இது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல்தான் எழுந்தது.

4

இதுவரை சொன்னது புகழ்ச்சி. அன்புள்ளவரே குறையையும் ஆராய வேண்டும் என்ற நம்பிக்கையால் அடுத்ததைச் சொல்கிறேன்.

1908 மார்ச் 12-ஆம் நாள் வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலியில் கிளர்ச்சி மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஜூலை 7-ஆம் நாள் பின்ஹே என்னும் நீதிபதி, அவர்மீது சாட்டப்பட்ட இரு குற்றங்களுக்கும் சேர்த்து நாற்பது ஆண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் இருந்து அவர் வெளிவந்த நாள் 1912 டிசம்பர் 24. அதற்குள் கம்பெனி 1911-ல் கலைக்கப்பட்டுவிட்டது. காலியாக் கப்பல், எந்தக் கம்பெனிக்கு எதிராக வாங்கப்பட்டதோ அந்தக் கம்பெனிக்கே விற்கப்பட்டது.

ஏன் இப்படி நேர்ந்தது? அரசின் பகைமை முதற்காரணம், அதில் ஐயமில்லை. ஆனால் அது ஒன்றே காரணமா? கம்பெனியின் இயக்குநர்களுள் சிலருக்கு அரசியல் பிரசங்கம் பிடிக்கவில்லை. கம்பெனியைக் காப்பாற்ற அதை நிறுத்தவேண்டும் என்றனர். வ.உ.சி.யோ இரண்டையும் ஒன்றாகவே கண்டார். அவர் கண்டது தேசபக்தியில் சரி. எனினும், தாம் எந்த நாளும் சிறை செல்லக்கூடும் என்று அறிந்த ஒருவர், தாம் இல்லாத நாளில் கயிற்றைப் பிடிக்கத்தக்க இருவர் மூவரைப் பழக்கி வைத்திருக்க வேண்டாமா? கம்பெனி பதிவானதிலிருந்து கைதான நாள்வரை அவருக்குக் கிடைத்தது ஒன்றரை ஆண்டுகூட நிரம்பாத காலம்; அதற்குள் அது இயலாது என்று ஒருவர் வாதாடினால், அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் இந்தக் குறையைச் சொல்லாமல் விட்டால், அவர் அடைந்த துன்பத்திலிருந்து நாம் பெறவேண்டிய பாடத்தை இழந்துவிடுவோம். பின்னவரை உண்டாக்குதல் தலைமையின் கடைசி வேலை என்று பலர் நினைக்கின்றனர். அது முதல் நாளே தொடங்கவேண்டிய வேலை.

பின்னவரை உண்டாக்கப் பரம்பரை ஒரு வழி என்று கொண்டவர்களும் இக்கரையில் உண்டு. பரதவ மக்களுக்குச் சாதித் தலைவர் என்றொரு பரம்பரைத் தலைமை பல நூற்றாண்டுகள் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் அச்சமுதாயம் தன் முத்துக்கடல் உரிமையைக் காக்கப் போர்ச்சுகீசியரின் துணையை நாடியபோதும், பின்பு டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஆண்ட நாளிலும், ஆட்சியாளர்முன் மக்களுக்காகப் பேசும் வாயாக அத்தலைமை விளங்கியது. இந்நகரில் பனிமய அன்னைக்கு 1806-ல் முதன்முதலாக ஓடிய பொன்தேர் ஒரு சாதித் தலைவர் செய்வித்ததே. ஆனால் பிறப்பால் வரும் தலைமைக்குப் பயிற்சி கட்டாயமன்று; தகுதி உள்ள மகன் பிறந்துகொண்டிருக்கும்வரைதான் அது நல்லதாய் நடக்கும். இதே கரையின் தோணித் தொழிலில் இருந்த வழக்கமே எனக்கு உகந்தது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்து ஓடிய தோணியில், சமையல் வேலைக்கு என்று ஏறிய சிறுவன், பாய் கட்டவும் காற்றறியவும் சுக்கான் பிடிக்கவும் ஒவ்வொன்றாய்க் கற்று, ஆண்டுகள் பல சென்றபின் தண்டல், அதாவது தோணித் தலைவன், ஆவான். தண்டலுக்குத் தோணியில் எந்த வேலையும் தெரியாத வேலை அன்று. ஆகையால் எவனுடைய சிரமமும் அவனுக்குப் பிறர் சொல்லி அறியவேண்டிய சிரமமாக இராது.

5

கம்பெனி முழுகியதைச் சொன்ன வாயால், நிலைத்து நின்ற ஒரு காரியத்தையும் சொல்லவேண்டும்.

ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்கள் 1869-ல் பிறந்து 1930-ல் மறைந்தவர். 1909 தொடங்கி இந்நகராட்சியின் தலைமையை ஐந்து முறை வகித்தவர். கடல் சூழ்ந்த ஊரில் குடிக்க நீரில்லாமல் மக்கள் அலைந்த நாள்கள் அவை. பஞ்ச காலத்தில் ரயில் வண்டியில் நீர் கொண்டுவரச் செய்தார் என்பர். ஆனால் அது அன்றைய தாகத்துக்கு மட்டுமே மருந்து என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தாமிரவருணி நீரை வல்லநாட்டிலிருந்து குழாய் வழியே கொண்டுவரும் திட்டத்தை அவர் விடாமல் பற்றிக்கொண்டார். நகராட்சிக்குப் பணமில்லை, அரசாங்கத்துக்கு அவசரமில்லை, மதிப்பீடு, மனு, மறுமனு என்று ஆண்டுகள் சென்றன. 1927-ல் ஆற்றுநீர் ஊருக்குள் வந்தது.

இவரைப் பற்றிச் சொல்வதற்கு வீரகதை ஒன்றும் இல்லை என்று நினைப்பவர்கள் இருக்கலாம். குழாய் புதைக்கும் காரியத்துக்குக் கூட்டம் கூடாது, பாட்டு எழுதமாட்டார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து அதே கோப்பைப் பத்தாவது முறை திறப்பதற்கு வேண்டிய பொறுமை, மேடையில் ஒருமுறை முழங்குவதற்கு வேண்டிய தைரியத்தைவிட அரிது. வ.உ.சி.யின் தழலும் குரூஸ் பர்னாந்தின் பொறுமையும் ஒரே தலைமுறையில் ஒரே ஊரில் இருந்தன. இரண்டில் எது பெரிது என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இரண்டாவதை நம் பாடநூல்கள் போதிய அளவு சொல்லவில்லை என்று மட்டும் சொல்வேன்.

6

இக்குணங்களைக் கற்பிக்க முடியுமா என்பது மாணவர்கள் கேட்கும் கேள்வி. பிரசங்கத்தால் கற்பிக்க முடியாது, பழக்கத்தால் முடியும்.

கண்முன் உள்ள உதாரணம் ஒன்று தருகிறேன். 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கவனித்திருப்பீர்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் முதல் இருபது பேர் வரை சேர்ந்து சிறுகச் சிறுகச் சேமிக்கிறார்கள். தம்முள் ஊக்குநர் ஒருவரையும் பிரதிநிதிகளையும் தேர்ந்துகொள்கிறார்கள். கூட்டத்தில் எல்லார் முன்னும் கணக்கு வாசிக்கப்படுகிறது. தீர்மானம் நோட்டில் ஏறுகிறது. பொறுப்பு ஒருவரிடமே தங்கிவிடாமல் காலம்தோறும் கைமாற வேண்டும் என்பது விதி. வீட்டைவிட்டு வெளியே வந்து பேசியறியாத பெண், சில ஆண்டுகளில் வங்கி மேலாளர் முன் அமர்ந்து கடன் விவரம் கேட்பதைக் கண்டு வியந்திருக்கிறேன். எந்தப் பிரசங்கமும் அவரைத் தலைவியாக்கவில்லை. பிறர் பணம் தம் கையில் இருந்ததும், வாரந்தோறும் அதற்குக் கணக்குச் சொல்லவேண்டியிருந்ததும், தமக்குப்பின் வருபவருக்கு அந்த நோட்டை ஒப்படைக்கவேண்டியிருந்ததும் ஆக்கின. விதியை மறந்து ஒரே ஊக்குநரை ஆண்டாண்டாக வைத்துக்கொண்ட குழுக்கள் தளர்ந்ததையும் பார்த்திருக்கிறேன்.

மற்றொரு பயிற்சி தனிமையில் நடப்பது. சிறையில் செக்கிழுத்த வ.உ.சி., அந்த உடல் வருத்தத்தினிடையே ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம் போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். ‘அகமே புறம்’ முதலிய நூல்கள் அதனைத் தொடர்ந்தன. விடுதலைக்குப் பின் திருக்குறளுக்கு மணக்குடவர் உரையையும் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் உரையையும் பதிப்பிக்க உழைத்தார். அவரை வரவேற்க நாடு திரளவில்லை. அரிசிக்கடை வைத்துப் பிழைக்க வேண்டியிருந்தது. வக்கீல் சன்னதும் நெடுநாள் கழித்தே மீண்டது. கூட்டம் கலைந்தபின் ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் அவர் தலைமையின் வேர் எங்கே ஓடியது என்று தெரியும். இவருக்கு அது தமிழிலும் அறநூலிலும் ஓடியது. ஆகவே பட்டமரமாகாமல் நின்றார்.

மாணவர்களே, உங்களிடம் நான் வேண்டுவது சிறிய காரியங்கள். விடுதியின் உணவுக்குழுவோ, விளையாட்டுக் குழுவோ, தெருவிலுள்ள நூலகமோ, எதுவாயினும் பிறர் நம்பிக்கை ஒட்டியிருக்கும் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். கேட்கப்படும் முன்பே கணக்கை எழுதி ஒட்டுங்கள். உங்களுக்கு இளையவர் ஒருவரை அருகில் வைத்து, தண்டல் கற்பித்ததுபோல், ஒவ்வொரு வேலையாகக் கற்றுக்கொடுங்கள். உப்பளத்தில் வெயிலில் நிற்பவரும் துறைமுகத்தில் பெட்டி இறக்குபவரும் பேசும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். கேட்டதை அன்றிரவே எழுதிவையுங்கள்.

1974-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்ற நம் துறைமுகம் 2011 முதல் வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் 1936 நவம்பர் 18-ஆம் நாள் இந்நகரிலேயே உயிர்நீத்தார். அதற்குமுன் எழுதிவைத்த உயிலில், பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில் கம்பெனி கண்ட அந்தக் கை, தாம் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதை, ஜவுளிக்கடை பாக்கி, எண்ணெய்க்கடை பாக்கி உட்பட, ஒவ்வொன்றாகக் கணக்கெழுதி வைத்திருக்கிறது.